கறுப்பு வெள்ளைச் சீருடை: கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் இரு பருவங்கள்

இந்திய முஸ்லிம்களின் நவீன கால வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசியல் இயக்கங்களையும், கல்வி நிலையங்களையும், இதழ்களையும், மார்க்க அறிஞர்களின் பணிகளையும் பற்றியே எழுதியுள்ளனர். அது இயல்பே. ஆயினும், ஒரு சமுதாயம் தன் இளைஞர்களை எவ்வாறு ஒழுங்குபடுத்திற்று, பிறரோடு எவ்வாறு போட்டியிட்டது, தோல்வியை எவ்வாறு தாங்கிக் கொண்டது என்பனவற்றை அறிய விளையாட்டுத் திடலும் ஒரு சான்றாகும். அச்சான்றினை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

விளையாட்டு இஸ்லாமிய மரபுக்குப் புறம்பானதன்று. வில்வித்தையையும் குதிரையேற்றத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ருகானா என்னும் மல்லரோடு மற்போர் புரிந்து வென்றார்கள். சர் சையது அகமது கான் 1875இல் அலிகாரில் தொடங்கிய கல்வி நிலையம் கல்லூரியாக வளர்ந்தபோது, வகுப்பறைக்கு இணையாகக் கிரிக்கெட் திடலையும் மதித்தது. அந்த மரபின் கால்பந்துக் கிளையாகக் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைக் கருதலாம்.

இக்கட்டுரையில் அக்கழகத்தின் முழு வரலாற்றையும் சொல்ல நாம் முற்படவில்லை. இரண்டு பருவங்களை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். ஒன்று 1934ஆம் ஆண்டுப் பருவம். மற்றொன்று 2024-25ஆம் ஆண்டுப் பருவம். இரண்டிற்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள். இரண்டிலும் கழகம் கீழ்ப்பிரிவிலிருந்து உயர்ந்து மேற்பிரிவில் கால் வைத்தது. இரண்டிலும் ஆதரவாளர்களின் எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தது. முன்னதில் அக்கழகம் வாகை சூடியது; பின்னதில் கடைசி இடத்தைப் பெற்றது. ஒரே பெயர், ஒரே சீருடை, ஒரே நகரம். முடிவு மட்டும் ஏன் வேறானது?

தோற்றமும் நீண்ட காத்திருப்பும்

1887ஆம் ஆண்டு, விக்டோரியா அரசியின் பொன்விழாக் காலத்தில், கல்கத்தாவில் ஜூபிலி கழகம் என்ற பெயரில் முஸ்லிம் இளைஞர்களுக்கான சங்கம் ஒன்று தோன்றியது. கிரெசன்ட், ஹமீதியா எனப் பெயர்கள் மாறி, 1891இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் என்ற பெயர் நிலைத்தது. அந்நாளைய கல்கத்தாவில் கால்பந்து வெள்ளையர் ஆட்டமாக இருந்தது. படைப்பிரிவுகளும் ஐரோப்பியர் கழகங்களும் திடல்களையும் போட்டிகளையும் ஆண்டன. 1893இல் அமைந்த இந்தியக் கால்பந்துச் சங்கம், அதாவது ஐ.எஃப்.ஏ., பெயரளவில் இந்தியாவினதாயினும் வங்காளத்தின் ஆட்டத்தையே நிருவகித்தது. அதன் அதிகாரமும் நெடுங்காலம் ஐரோப்பியர் கையிலேயே இருந்தது.

1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய நிகழ்ச்சி இந்திய விளையாட்டு வரலாற்றின் திருப்புமுனை. அந்தப் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். அவ்வெற்றியைக் கல்கத்தா முஸ்லிம்களும் தம் வெற்றியாகவே கொண்டாடினர் என்பதை அந்நாளைய முஸ்லிம் இதழியல் காட்டுகிறது. பிற்காலத்தில் இக்கழகங்களுக்கிடையே வளர்ந்த பகைமையைக் கொண்டு தொடக்க காலத்தையும் அளந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

மோகன் பகானின் வெற்றிக்குப் பின் இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்கள் வந்துபோனார்கள். ஆனால் 1898இல் தொடங்கிய கல்கத்தா லீகின் முதற்பிரிவில் 1933 வரை ஓர் இந்திய அணியும் முதலிடம் பெற முடியவில்லை. கேடயப் போட்டியில் நான்கைந்து ஆட்டங்களில் திறமை காட்டினால் போதும். லீகில் பருவம் முழுவதும் நிலைகுலையாது ஆட வேண்டும். 1931, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டர்ஹம் காலாட்படை அணியே தொடர்ந்து வென்றது. முகமதன் கழகமோ அக்காலத்தில் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது.

1934: வெற்றி விளைந்த விதம்

அந்த இரண்டாம் பிரிவு அணி 1934இல் முதற்பிரிவுக்கு வந்தது. வந்த ஆண்டிலேயே வாகை சூடியது. கல்கத்தா லீகை வென்ற முதல் இந்திய அணி என்ற சிறப்பு அதற்குரியதாயிற்று. இதனை அற்புதம் என்றும், சமுதாய உணர்ச்சியின் வெளிப்பாடு என்றும் எழுதியவர் பலர். உணர்ச்சி இருந்தது உண்மை. ஆனால் உணர்ச்சி மற்றக் கழகங்களிடமும் இருந்தது. முகமதன் கழகத்திடம் கூடுதலாக இருந்தவை எவை என்று பார்ப்பதே வரலாற்று மாணவனுக்கு முறையாகும்.

முதலாவது, மழையைப் பற்றிய தெளிவு. கல்கத்தா லீக் நடைபெறுவது கோடையின் கடைசியிலும் மழைக்காலத்திலும். மைதானம் சேறாகிவிடும். உலர்ந்த தரையில் வெறுங்கால் ஆட்டக்காரன் பந்தைத் தன் விருப்பப்படி ஆட்டுவிப்பான்; ஈரத் தரையில் அவனே வழுக்கி விழுவான். பூட்ஸ் அணிந்த படைவீரர்களுக்கு அத்தொல்லை இல்லை. இந்திய அணிகள் பருவத்தின் முற்பகுதியில் வென்று பிற்பகுதியில் சரிந்ததற்கு இது முக்கியக் காரணம். முகமதன் கழகத்தார் இதனை விதியென்று விட்டுவிடவில்லை. ஈரத் தரையில் பூட்ஸ் அணிந்து ஆடத் தம் ஆட்டக்காரர்களைப் பழக்கினர். வெறுங்காலிலேயே வளர்ந்தவனுக்குப் பூட்ஸ் முதலில் விலங்காகத்தான் தோன்றும். அதற்குப் பொறுமையான பயிற்சி வேண்டும். அப்பயிற்சி பருவம் தொடங்கும் முன்னரே நடந்தாக வேண்டும்.

இரண்டாவது, ஆட்களைத் தேடிய பரப்பு. மற்ற இந்தியக் கழகங்கள் பெரும்பாலும் வங்காளத்துக்குள் ஆட்டக்காரர்களைத் தேடியபோது, முகமதன் கழகம் நாடெங்கும் தேடியது. பெங்களூர், தில்லி, குவெட்டா எனப் பல ஊர்களிலிருந்தும் திறமையாளர்கள் கல்கத்தாவுக்கு வந்தனர். மொழி வேறு, உணவு வேறு, ஆடும் முறை வேறு. அவர்களை ஓரிடத்தில் தங்க வைத்து, ஓர் அணியாக ஆக்கியது நிருவாகத்தின் சாதனை. ஜும்மா கான், உஸ்மான் ஜான், ரஹீம், ரஷீத், அப்பாஸ் மிர்சா முதலிய பெயர்கள் அக்காலத்துச் சிறுவர்களின் நாவில் இருந்தன.

மூன்றாவது, அனுபவத்துக்குத் தந்த மதிப்பு. 'கால்பந்து மந்திரவாதி' என்று பெயர் பெற்ற சையது அப்துஸ் சமது 1933இல் கழகத்தில் சேர்ந்தபோது நாற்பதை நெருங்கியிருந்தார். புர்னியாவில் 1895இல் பிறந்த அவர், இரயில்வேயில் பணியாற்றியவர். அதற்கு முன்பே பல அணிகளில் ஆடிப் புகழ் பெற்றவர். ஓடும் வேகம் குறைந்துவிட்ட ஒருவரை இளைஞர் அணியில் சேர்ப்பது துணிவான முடிவு. பந்தைக் காலில் நிறுத்தி எதிரணியின் அவசரத்தைப் பயன்படுத்தும் கலையை இளைஞர்கள் அவரருகே ஆடிக் கற்றனர்.

இம்மூன்றும் சேர்ந்த விளைவே 1934. அதன்பின் 1935, 1936, 1937, 1938 எனத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் லீக் வாகை முகமதன் கழகத்துக்கே உரியதாயிற்று. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் கல்கத்தா கால்பந்துக் கழகத்தை வீழ்த்திப் பெற்றது. மோகன் பகானுக்குப் பின் அக்கேடயத்தை வென்ற இரண்டாவது இந்திய அணி அது. வங்கக் கவி காஜி நஸ்ருல் இஸ்லாம் இவ்வணியை வாழ்த்திப் பாடினார்.

அதே 1936இல் இவ்வணியின் முகம்மது சலீம் ஸ்காட்லாந்துக்குச் சென்று, புகழ்பெற்ற செல்டிக் அணிக்காக இரண்டு ஆட்டங்களில் ஆடினார். பூட்ஸை முறைப்படுத்திய கழகத்திலிருந்து சென்ற அவர், அங்கே கட்டுத்துணி சுற்றிய வெறுங்காலுடன் ஆடி ஸ்காட்லாந்து மக்களை வியக்க வைத்தார் என்பது சுவையான முரண். ஹாமில்டன் அணியை 5-1 எனவும், கால்ஸ்டன் அணியை 7-1 எனவும் செல்டிக் வென்றது. ஊர் நினைவு வாட்டியதால் அவர் அங்கே தங்காமல் திரும்பினார். தமக்கு அளிக்க முன்வந்த தொகையை அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் என்பது அவர் குடும்பத்தார் வழியாக வந்துள்ள செய்தி.

1939: நியாயமும் இழப்பும்

ஐந்து ஆண்டு வெற்றிக்குப் பின் ஆறாவது வாகையும் உறுதியென்று ஆதரவாளர்கள் நம்பியிருந்த வேளையில் 1939 பருவம் வந்தது. ஐ.எஃப்.ஏ.யின் நிருவாகம் குறித்தும் நடுவர்களின் தீர்ப்புகள் குறித்தும் கழகத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகளாகவே மனக்குறை இருந்துவந்தது. அது முற்றி, அவ்வாண்டு லீகின் நடுவிலேயே முகமதன் கழகம் விலகியது. ஈஸ்ட் பெங்கால், காளிகாட் கழகங்களும் உடன் விலகின. லீக் வாகையை மோகன் பகான் முதன்முதலாகப் பெற்றது.

இந்நிகழ்ச்சியில் நாம் இரண்டு செய்திகளைக் காண்கிறோம். விலகிய கழகங்களில் இந்துக்கள் நடத்திய கழகங்களும் இருந்தன என்பது முதலாவது. எனவே அதை இந்து முஸ்லிம் பூசலாக மட்டும் எழுதுவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. நிருவாகத்தில் எல்லாரும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்ற கோரிக்கை சமயங்களைக் கடந்து நின்றது. இரண்டாவது, கோரிக்கை எவ்வளவு நியாயமாயினும், அதற்கான விலையை ஆட்டக்காரர்களே கொடுத்தனர். உடல் வலிமையின் உச்சத்தில் இருந்த ஒரு ஆட்டக்காரனுக்குப் போன பருவம் மீண்டும் வருவதில்லை.

ஆயினும் கழகம் உடைந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே லீகுக்குத் திரும்பி 1940, 1941 ஆகிய இரு ஆண்டுகளிலும் வாகை சூடியது. 1940 டிசம்பரில் தில்லியில் நடந்த டூரண்டு கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வாரிக்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றது. 1888இல் சிம்லாவில் தொடங்கிய அப்போட்டியை அதுவரை எந்த இந்திய அணியும் வென்றதில்லை. அதே ஆண்டில் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையும் கிடைத்தது. இறுதியாட்டத்தில் எதிர்த்து ஆடியது பெங்களூர் முஸ்லிம்கள் அணி. 1937இலும் 1938இலும் அக்கோப்பையை வென்றிருந்த அந்தப் பெங்களூர் அணியைத் தென்னாட்டவராகிய நாம் மறந்துவிட்டோம். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

பிரிவினைக்குப் பின்

1934இன் வெற்றி இந்தியர் பலராலும் கொண்டாடப்பட்டது. வெற்றி தொடரத் தொடர, அரசியல் சூழல் கசக்கக் கசக்க, திடலிலும் பிளவு தெரியத் தொடங்கியது. கழகத்தின் கொடி அரசியல் கொடியாகவும் பார்க்கப்பட்டது. 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் நிகழ்ந்த கொடிய கலவரத்தின் விளைவாக அவ்வாண்டு ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியே நடைபெறவில்லை. பிரிவினையின்போது கழகத்தின் புரவலர்களில் பலரும், ஆட்டக்காரர்களில் பலரும் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றனர். சமதும் பார்வதிபூரில் குடியேறி 1964இல் அங்கேயே காலமானார். டாக்காவில் 1936இலேயே தோன்றியிருந்த அதே பெயருடைய கழகம் அங்கே வளர்ந்தது.

இத்தனைக்கும் இடையில், 1948இல் கல்கத்தா லீகை முகமதன் கழகம் மீண்டும் வென்றது என்பது நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி. இந்தியாவிலேயே வாழ்வதென முடிவு செய்த மக்கள், அம்முடிவை மேடையில் முழங்காமல் திடலில் ஆடிக் காட்டினர். பின்னர் 1957, 1967, 1981 எனப் பத்தாண்டுக்கு ஒன்றாக லீக் வாகைகள் வந்தன. 1960இல் டாக்காவில் ஆகா கான் தங்கக் கோப்பையையும், 1983, 1984 ஆண்டுகளில் கூட்டமைப்புக் கோப்பையையும் கழகம் வென்றது. அதன்பின் இறக்கம். புரவலர் ஒருவர் வருவார், போவார். நிருவாகிகளிடையே வழக்குகள் எழும். ஆட்டக்காரர்கள் வேறு கழகங்களை நாடிச் செல்வர். 2013இல் டூரண்டு கோப்பையை வென்ற கழகம், மறு ஆண்டே நிதி இல்லாமல் அணியைத் தற்காலிகமாகக் கலைக்க நேர்ந்தது. கோப்பைகள் மீண்டும் மீண்டும் வந்தும் அமைப்பு வலுப்பெறவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மீண்டும் ஒரு மேற்பிரிவு

2021இல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தா லீக் வாகை திரும்பி வந்தது. 2022, 2023 ஆண்டுகளிலும் அது நிலைத்தது. தேசிய அளவிலான ஐ-லீகில் 2022 மே மாதம் கோகுலம் கேரளா அணியுடன் நடந்த கடைசி ஆட்டத்தை வென்றிருந்தால் வாகை கிடைத்திருக்கும். 1-2 எனத் தோற்று இரண்டாமிடத்தோடு நின்றது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 ஏப்ரல் 6ஆம் நாள், ஷில்லாங் லஜாங் அணியை அதன் சொந்த ஊரிலேயே 2-1 என வென்று ஐ-லீக் வாகையைக் கழகம் உறுதி செய்துகொண்டது. இந்தியன் சூப்பர் லீகுக்குள் நுழையும் உரிமை அவ்வெற்றியால் கிடைத்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஏற்கெனவே அங்கே இருந்தன. கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களும் நாட்டின் உயர்ந்த லீகில் மீண்டும் ஒன்றாக நின்றபோது, 1934ஐ நினைத்துப் பார்க்காதவர் இல்லை.

அணியும் பழைய அணி போன்றே பல திசைகளிலிருந்து வந்தவர்களால் ஆனது, பரப்புதான் விரிந்திருந்தது. பயிற்சியாளர் ஆந்த்ரே செர்னிஷோவ் ருஷ்ய நாட்டவர். உஸ்பெகிஸ்தான், அர்ஜென்டினா, கானா, பிரான்சு நாட்டவரும், மிசோரம் முதலிய மாநிலங்களின் இளைஞர்களும் கறுப்பு வெள்ளைச் சீருடை அணிந்தனர். முப்பதுகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்டிருந்த கழகம், காலப்போக்கில் சமயம் பாராது ஆட்டத்தை மட்டும் பார்க்கும் கழகமாக மாறியிருந்ததை நாம் இறக்கமாகக் கருதவில்லை, வளர்ச்சியாகவே கருதுகிறோம்.

2024 செப்டம்பர் 16ஆம் நாள் முதல் ஆட்டம். நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியிடம் கூடுதல் நிமிடங்களில் வாங்கிய ஒரே கோலால் தோல்வி. அடுத்து கோவா அணியுடன். முன்னிலை பெற்றிருந்தும், மீண்டும் கூடுதல் நிமிடங்களில் கோல் வாங்கி 1-1. மூன்றாவது ஆட்டம் செப்டம்பர் 26ஆம் நாள் நம் சென்னையில். தோல் வணிகத்தாலும் அதன் வழி வந்த கல்விக் கொடைகளாலும் முஸ்லிம் சமுதாய வரலாற்றில் இடம் பெற்ற பெரியமேட்டை ஒட்டியுள்ள நேரு விளையாட்டரங்கில், 39ஆம் நிமிடத்தில் மிசோரம் இளைஞர் லால்ரெம்சங்கா அடித்த கோலால் சென்னையின் எஃப்.சி. அணியை 1-0 என வென்றது. சூப்பர் லீகில் கழகத்தின் முதல் வெற்றி அது.

அந்த வெற்றியோடு நம்பிக்கையும் உச்சத்தைத் தொட்டுத் திரும்பிவிட்டது எனலாம். மோகன் பகானிடம் 0-3. கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராக முதலில் கோல் அடித்தும் 1-2 எனத் தோல்வி. அவ்வாட்டத்தில் பார்வையாளர் சிலர் எறிந்த பொருட்களால் ஆட்டமே சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. ஐதராபாத் அணியிடம் சொந்தத் திடலிலேயே 0-4. நவம்பர் 9ஆம் நாள் ஈஸ்ட் பெங்காலுடன் ஆடியபோது, எதிரணியின் நந்தகுமார் சேகர், மகேஷ் சிங் இருவரும் அரைமணி நேரத்துக்குள்ளேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினர். ஒரு மணி நேரம் ஒன்பது பேரை எதிர்த்து ஆடியும் முகமதன் அணியால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை, ஆட்டம் 0-0. அதே மாதத்தில் பெங்களூரு அணிக்கு எதிராக எட்டாம் நிமிடத்திலேயே முன்னிலை பெற்று, ஆட்டத்தின் பிற்பகுதி வரை அதைக் காத்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கித் தோற்றது.

தோல்விகளின் இந்த வரிசையில் ஓர் ஒற்றுமை உண்டு. பல ஆட்டங்கள் கடைசிப் பத்து நிமிடங்களில் கைநழுவின. ஆட்டத்தின் இறுதியில் கால் தளர்வதும் கவனம் சிதறுவதும் பயிற்சியின் நிலையையும் மனத்தின் நிலையையும் சேர்த்தே காட்டும். அந்த மனநிலைக்கான காரணம் 2025 ஜனவரியில் வெளிப்பட்டது. ஊதிய நிலுவையை முன்னிட்டு ஆட்டக்காரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தனர். மாத இறுதியில், தமக்கும் ஊதியம் வரவில்லை என்று கூறிச் செர்னிஷோவ் பதவி விலகினார். கழகத்துக்கும் முதலீட்டாளர்களுக்கும் இடையிலான பூசல்கள் செய்தித்தாள்களில் அன்றாடச் செய்தியாயின. காஷ்மீரைச் சேர்ந்த முன்னாள் ஆட்டக்காரர் மெஹ்ராஜுத்தீன் வாடூ பொறுப்பேற்று எஞ்சிய பருவத்தை நடத்திச் சென்றார்.

இந்நிலையிலும் அந்த ஆட்டக்காரர்கள் ஆடிய சில ஆட்டங்களை நாம் குறிப்பிடாமல் விட்டால் அவர்களுக்கு அநீதி இழைத்தவராவோம். ஜனவரி 11ஆம் நாள் பெங்களூரில், உஸ்பெக் நாட்டு காசிமோவ் 88ஆம் நிமிடத்தில் அடித்த ஃப்ரீ கிக் கோலால் 1-0 என வென்றனர். நான்கு நாள் கழித்து, சென்னையின் அணிக்கு எதிராக 0-2 எனப் பின்தங்கி, எல்லாம் முடிந்ததென்று அரங்கு எண்ணியபோது, கூடுதல் நிமிடங்களில் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்தனர். சம்பளம் வராத நாட்களில் ஆடிய ஆட்டங்கள் இவை.

பருவம் முடிந்தபோது 24 ஆட்டங்களில் 2 வெற்றி, 7 சமநிலை, 15 தோல்வி. 13 புள்ளிகள், பதின்மூன்று அணிகளில் பதின்மூன்றாம் இடம். கிடைத்த இரண்டு வெற்றிகளும் சென்னையிலும் பெங்களூரிலும் கிடைத்தவை. சொந்த ஊரில் ஒரு வெற்றியும் இல்லை.

என்ன வேறுபாடு?

நமது விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, அது செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி ஆக்கப்பட்டதென்று பெருமை கொள்கிறது. பாறையைக் குடைபவனுக்கு அப்பெருமை பொருந்தும். ஓர் அணியைக் கட்டுபவனுக்கு அது பொருந்தாது. அணி என்பது சிறு சிறு பொருட்களால் கட்டப்படுவது: காலத்தில் கிடைக்கும் ஊதியம், நல்ல உணவு, தங்குமிடம், பயிற்சித் திடல், கணக்கேடு, பருவம் தொடங்கும் முன்னரே முடிந்திருக்க வேண்டிய ஆயத்தங்கள். 1934இன் நிருவாகிகள் இவற்றைத் தேடிச் சேர்த்தனர். மழைக்கு முன்பே பூட்ஸைப் பழக்கியதும், வெளியூர் ஆட்டக்காரர்களைத் தங்க வைத்துக் காத்ததும் அந்த அக்கறையின் வெளிப்பாடுகள். 2024இல் பெயர் இருந்தது, வரலாறு இருந்தது, திரண்ட ஆதரவு இருந்தது. சிறு பொருட்கள்தாம் இல்லை.

உழைப்பவரின் வியர்வை உலரும் முன் அவருக்குரிய கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் கட்டளைக்குக் கால்பந்துத் திடல் விலக்கன்று. நாயகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு கழகத்தில் ஊதியம் நிலுவையில் நின்றது என்பது, பதின்மூன்றாம் இடத்தைவிட நம்மை அதிகம் வருத்த வேண்டிய செய்தி. ஆட்டக்காரர்களின் உழைப்பு அமானிதம். ஆதரவாளர்களின் அன்பும் அமானிதம். அன்பைக் காட்டி உழைப்பின் கடனைத் தீர்க்க முடியாது.

தோல்வி மட்டும் ஓர் அணியை அழிப்பதில்லை. 1962இல் ஜகார்த்தாவின் ஆசிய விளையாட்டில் இந்திய அணி முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் ஐதராபாத்தின் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அப்போது புற்றுநோயால் நலிந்திருந்தவர். அவர் அணியைச் சீர்செய்தார். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில், தமிழரான பீட்டர் தங்கராஜ் கோல் காக்க, அதே தென் கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. மறு ஆண்டு ஜூன் மாதம் ரஹீம் காலமானார். பின்னடைவிலிருந்து மீளத் தேவையானது ஆயத்தமும், அணியினருக்கிடையே நம்பிக்கையும், பொறுப்பேற்கும் ஒருவரும் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலும், சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இலும், அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955இலும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இலும், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971இலும் தோன்றின. வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்குக் கொடுத்த முன்னோரின் கொடைகள் இவை. கல்லூரி அணியின் இயல்பு கழக அணியின் இயல்பினின்று ஒரு வகையில் வேறானது. மூன்றாண்டில் மாணவன் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவான். இந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரன் அடுத்த ஆண்டு இருக்கமாட்டான். எனவே தனி ஒருவரின் திறமையை நம்பிக் கல்லூரி அணி நிற்க முடியாது. திடலும், பயிற்சியாளரும், ஏழை மாணவனின் உணவுக்கும் காலணிக்குமான சிறு நிதியும், அந்நிதிக்கு நேர்மையான கணக்கும் நிலையாக இருந்தால்தான் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அணி எழும்.

கோப்பை வென்றவுடன் விழா எடுக்கவும், தோற்றவுடன் பழியைத் தேடவும் நாம் பழகிவிட்டோம். 1934இன் அணியைப் பற்றி நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் அப்பெருமையைக் கோப்பைகள் மீது மட்டும் வைக்காமல், மழை வரும் முன் ஆட்டக்காரர்களின் காலில் பூட்ஸ் ஏற்றிப் பழக்கிய, வெளியூரிலிருந்து வந்த இளைஞனுக்கு இடமும் உணவும் தேடிக் கொடுத்த, பெயர் தெரியாத அந்த நிருவாகிகள் மீதும் வைப்போமாக. நம் கல்லூரித் திடல்களில் அவர்களைப் போன்றோர் உருவாவது, அடுத்த வாகையைக் காட்டிலும் முதன்மையானது என்று நாம் கருதுகிறோம்.